மலையோட்டமும் ஓரிரவுப் போர்வையும்

குளிரால் நடுங்குகிறதென எண்ணி மயிலுக்குத் தன் போர்வையை அளித்த வள்ளல் பேகனைப் பற்றி முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வகுப்பறையில் பாடம் நடத்தியவன் நான். ஒவ்வோராண்டும் ஒரு மாணவனாவது எழுந்து, "சேர், மயிலுக்குத்தான் இறகு இருக்கிறதே, அதற்கேன் போர்வை?" என்று கேட்பான். கொடைமடம் என்ற சொல்லை விளக்கி அவனை இருத்திவிடுவேன். அந்தக் கேள்விக்குள்ளே ஒரு பௌதிகப் பாடமும் இருந்தது என்பது சென்ற தைப்பொங்கலையொட்டித்தான் எனக்குத் தெரியவந்தது.

லண்டனில் வாழும் என் தமக்கையாரின் மகன் பொங்கலுக்காக வெள்ளவத்தைக்கு வந்திருந்தான். வந்த அன்றே மூன்று சிறு மூட்டைகளைக் கொணர்ந்து என் கட்டிலில் வைத்து, ஒவ்வொன்றாக அவிழ்த்தான். முதலாவது ஒரு தேங்காயளவுகூட இல்லை. அவிழ்த்தபோது மெல்ல மெல்லப் பொங்கி ஓர் ஆள் நீளத்துக்கு நீண்டது. ‘ஸ்லீப்பிங் பாக்’ என்று எல்லோரும் சொல்லும் உறக்கப் பை அது. கொழும்பில் இராக்காலத்திற்கூட வெப்பம் 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. மின்விசிறி சுழலச் சுழல வியர்வை வழியும் எங்கள் மாடி வீட்டில், கழுத்துவரை இழுத்து மூடிக்கொள்ளும் அந்தப் பைகளைக் கண்டு என் மனைவி வாய்விட்டுச் சிரித்தாள்.

ஆனால் பையன் சிரிக்கவில்லை. வரும் ஒக்ரோபரில் இங்கிலாந்தின் மலைகளிலே நடைபெறும் ஓர் ஓட்டப் போட்டியில் அவனும் அவன் நண்பனும் பங்குபற்றப் போகிறார்களாம். மூன்று பைகளில் ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டும்.

"மாமா, நீங்கள் நுவரெலியாவிலை இருந்தனீங்கள்தானே. குளிர் எண்டா என்னெண்டு உங்களுக்குத் தெரியும். இதிலை எதைக் கொண்டுபோறது எண்டு சொல்லுங்கோ."

"தம்பி, நான் அங்கை கம்பளிக்குள்ளை சுருண்டு கிடந்தவன். மலை ஓடினவன் இல்லை."

"ஓடுறதுக்கு நான் இருக்கிறன் மாமா. சுருண்டு படுக்கிறதுக்குத்தான் உங்கடை யோசனை வேணும்."

ஓட்டப் பந்தயத்துக்கும் உறக்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் வியக்கலாம். நானும் வியந்தேன். பிரித்தானியாவில் ‘மலை மரதன்’ என்றொரு போட்டி மரபு உண்டு. அதன் மூத்த போட்டி 1968இல் தொடங்கியது. முதுகுப்பை செய்த ‘கரிமோர்’ நிறுவனத்தின் பெயரால் நெடுங்காலம் அறியப்பட்டுப் பின்னர் ‘ஒரிஜினல் மௌண்டன் மரதன்’ என்ற பெயரைப் பெற்றது. இருவர் இருவராக ஓட வேண்டும். இரண்டு நாட்கள் ஓட வேண்டும். அடையாளமிட்ட பாதை கிடையாது. தேசப்படமும் திசைகாட்டியுமே துணை. முதல் நாள் மாலையில் ஒரு பள்ளத்தாக்கை அடைந்து, அங்கே இரவு தங்கி, மறுநாள் மீண்டும் மலையேறித் திரும்ப வேண்டும். தங்குமிடத்திலே கட்டிலும் கிடையாது, கடையும் கிடையாது. கூடாரம், உறக்கப் பை, அடுப்பு, உணவு, மாற்றுடை யாவற்றையும் ஓடுபவர் தம் முதுகிலேயே சுமந்து செல்ல வேண்டும். போட்டி ஒக்ரோபர் இறுதியில் நடப்பது வழக்கம். அந்நாட்களில் அம்மலைகளில் மழையும் காற்றும் இயல்பு. இரவில் வெப்பநிலை உறைநிலையை ஒட்டி இறங்குவதும் உண்டு.

பாரம் கூடினால் கால் தளரும். பாரம் குறைந்தால் இரவு கொல்லும். இரண்டுக்கும் நடுவே எங்கே கோடு கிழிப்பது என்பதுதான் பையனின் பிரச்சினை.

செட்டியார் தெருத் தராசு

எதனையும் நிறுத்துப் பார்த்த பின்பே பேச வேண்டும் என்பது என் கொள்கை. கொட்டாஞ்சேனையில் வசிக்கும் என் பழைய மாணவர் ஒருவருக்குச் செட்டியார் தெருவில் நகைக்கடை உண்டு. மூன்று மூட்டைகளையும் எடுத்துக்கொண்டு அங்கே போனோம். மஞ்சாடி மஞ்சாடியாகப் பொன் நிறுக்கும் இடத்தில் மெத்தை நிறுக்க வந்தவர்கள் நாங்கள் ஒருவராகவே இருப்போம். ஆயினும் அவர் முகம் கோணாமல் தராசின் தட்டைத் துடைத்துக் கொடுத்தார்.

முதலாவது பை தூவி நிரப்பியது. 400 கிராம். இரண்டாவதும் தூவிதான். 640 கிராம். மூன்றாவது செயற்கை இழை நிரப்பியது. 720 கிராம். நகைக்காரருக்குக் கிராமைவிடப் பவுணே பழக்கம். பவுணுக்கு எட்டுக் கிராமாக அவர் மனத்தாலேயே கணக்கிட்டார்.

"ஐம்பது பவுண், எண்பது பவுண், தொண்ணூறு பவுண், சேர்! பொன்னாயிருந்தா மூண்டு குமரைக் கரைசேத்துப் போடலாம்."

முதலாவது பையின் சீட்டிலே 376 கிராம் என்று அச்சிட்டிருந்தது. தராசு 400 காட்டியது. மேலதிகமான 24 கிராமும் அதனைத் திணித்து வைக்கும் சிற்றுறையின் பாரம். விற்பவர் பையை மட்டும் நிறுத்திருக்கிறார். ஓடுபவனோ உறையையும் சேர்த்துச் சுமக்கிறான். சீட்டை நம்பாமல் தானே நிறுத்துப் பார்க்க வேண்டும் என்பது அன்று கற்ற முதற் பாடம்.

திரும்பும் வழியில் கொட்டாஞ்சேனையில் ஒரு தையற்காரரிடமும் சென்றோம். பையன் உயரத்தில் என்னைப் போன்றவன். எண்பது பவுண் பையோ ஆறடி மனிதருக்கு அளவெடுத்தது. காலடியில் ஒரு சாண் வெறுமையாகக் கிடக்கும். அந்த வெற்றிடத்தையும் உடம்பின் சூடே நிரப்பியாக வேண்டும். வெட்டித் தைத்துவிடலாமே என்றேன். தையற்காரர் துணியை விரலிடையே உருட்டிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். ஊசி போன துளையெல்லாம் பஞ்சு வெளியேறுமாம். கத்தரியைத் தொடாமல், மேல் மடிப்பிலே இரண்டு காதுகள் மட்டும் வைத்து, காற்பகுதியைச் சுருக்கிக் கட்டுவதற்கு ஒரு நாடா கோத்துத் தந்தார். தொழில் தெரிந்தவர் கை வைக்காமல் விடுவதும் தொழிலின் ஒரு பகுதியே.

தூவியின் கணக்கு

தூவி என்ற சொல்லை நான் வேண்டுமென்றே பயன்படுத்துகிறேன். தாரா, வாத்து முதலிய நீர்ப்பறவைகளின் மேலிறகுக்கு அடியிலே, நெஞ்சை ஒட்டி வளரும் மென்மயிர்க் கொத்து அது. நக்கீரர் பாடிய நெடுநல்வாடையைக் கற்றவர்களுக்கு இச்சொல் புதிதன்று. அரசியின் படுக்கையில் அன்னத்தின் தூவி பரப்பப்பட்டிருந்ததை அப்பாட்டு கூறுகிறது. அதே பாட்டின் தொடக்கத்தில் அடைமழையில் நனைந்த இடையர்கள் நெருப்பிலே கை காய்ச்சி, கன்னம் நடுங்க நிற்கிறார்கள். ஒரே குளிர்காலம். ஒருவருக்குத் தூவி, ஒருவருக்கு நெருப்பு. இந்த இடையர்களை மனத்தில் வைத்திருக்குமாறு வாசகர்களை வேண்டுகிறேன். பின்னர் இவர்களுக்கு வேலை உண்டு.

தூவி தானாகச் சூடு தருவதில்லை. எந்தப் போர்வையும் தருவதில்லை. சூடு நம் உடம்பினுடையது. அது வெளியேறாமல் தடுப்பதே போர்வையின் தொழில். தடுக்கும் பொருள் பஞ்சோ மயிரோ அன்று. அவற்றின் இடுக்குகளில் அசையாது நிற்கும் காற்றுத்தான். அசையாக் காற்று வெப்பத்தை மிக மெதுவாகவே கடத்தும். நம் வீட்டு இலவம்பஞ்சுத் தலையணையை வெயிலில் காய வைத்தால் பொம்மென்று உப்பி நிற்பதையும், நாட்பட்டுத் திரைந்தால் கட்டையாகக் கிடப்பதையும் அறிவோம். பஞ்சின் நிறை இரண்டு வேளையும் ஒன்றுதான். உள்ளே நிற்கும் காற்றே வேறு. குறைந்த நிறையால் மிகுந்த காற்றைப் பிடித்து வைப்பதில் தூவிக்கு நிகரான பொருள் அரிது.

இதனை அளக்க ஓர் எண் வைத்திருக்கிறார்கள். ஓர் அவுன்ஸ், அதாவது ஏறக்குறைய 28 கிராம் தூவி எத்தனை கன அங்குல இடத்தை நிரப்பும் என்பதே அவ்வெண். 800 என்றால் அந்த ஓர் அவுன்ஸ் ஏறக்குறைய 13 லீற்றர் இடத்தை, அதாவது ஒரு பெரிய வாளியை, நிரப்பும். 600 என்றால் 10 லீற்றருக்குச் சற்றுக் குறையும். எண் உயர உயர, அதே சூட்டுக்குப் பாரம் குறையும், விலை ஏறும்.

இவ்விடத்தில் என் தமக்கையார் ஒரு கேள்வி கேட்டார். அவர் மாமிசம் தொடாதவர். "உயிரோடை பிடுங்கின இறகோ தம்பி?" பையன் சீட்டைத் திருப்பிக் காட்டினான். உயிருள்ள பறவையில் பிடுங்காத தூவி என்பதற்குச் சான்றிதழ் வழங்கும் முறை 2014 முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்த முத்திரை அதில் இருந்தது. அவருக்கு முழுத் திருப்தியில்லை. ஆனால் கேள்வி சரியானது. வாங்குபவர் எவரும் கேட்க வேண்டியது.

இனி வெப்பநிலை எண்கள். ஐம்பது பவுண் பையின் முகப்பில் ‘4’ என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. 4 பாகை செல்சியஸ் வரை தாங்கும் என்று பையன் எண்ணியிருந்தான். உள்ளே தைத்திருந்த சிறு சீட்டிலோ மூன்று எண்கள். வசதி நிலை 8, எல்லை நிலை 4, உச்ச நிலை சுழியத்துக்குக் கீழே 9. ஐரோப்பாவில் 2005 முதல் நடைமுறைக்கு வந்து, பின்னர் சர்வதேசத் தரமாகவும் ஆக்கப்பட்ட ஒரு சோதனை முறையின் எண்கள் இவை. சூடேற்றிய ஆளுருவப் பொம்மையைப் பைக்குள்ளே படுக்க வைத்து அளக்கிறார்கள். வசதி நிலை என்பது சராசரிப் பெண்ணொருத்தி இயல்பாக உறங்கக்கூடிய குளிர். எல்லை நிலை என்பது சராசரி ஆணொருவன் உடம்பைச் சுருட்டிக்கொண்டு விழிக்காது உறங்கக்கூடிய குளிர். உச்ச நிலை உறக்கத்துக்கு உரியதே அன்று. சில மணி நேரம் உயிர் தரிப்பதற்கு மட்டும் உரியது. அப்போதும் உடல் குளிர்ந்துபோகும் அபாயம் உண்டு. இந்த மூன்றில் எதை முகப்பில் பெரிதாகப் போடுகிறார்கள் என்பதை வாங்குபவர் கவனிக்க வேண்டும். நாள் முழுதும் ஓடிக் களைத்து, பசியோடு, ஈரத்தோடு படுப்பவன் சராசரி மனிதனல்லன். அவனுக்கு வசதி நிலை எண்ணே உண்மையான எண்.

எண்பது பவுண் பைக்கு வசதி நிலை 3, எல்லை நிலை சுழியத்துக்குக் கீழே 2. செயற்கை இழைப் பைக்கு வசதி நிலை 9. பாரம் கூடியும் சூடு குறைந்த இந்த மூன்றாவதை ஏன் வாங்கினாய் என்று கேட்டேன். "மழைக்கு நல்லதெண்டு சொன்னவை" என்றான். அதன் பொருள் அப்போது எங்கள் இருவருக்குமே சரியாக விளங்கவில்லை.

இரண்டு புயல்கள்

எண்களோடு நின்றிருந்தால் ஐம்பது பவுணே வென்றிருக்கும். இளைஞர்களுக்குப் பாரம் கண்ணுக்குத் தெரியும், குளிர் தெரியாது. ஆகவே அவனுக்கு இரண்டு சம்பவங்களை எடுத்துச் சொன்னேன்.

முதலாவது, கவிஞர் வேர்ட்ஸ்வேர்த் வாழ்ந்த ஏரி நாட்டிலே, பொரோடேல் பள்ளத்தாக்கில், 2008 ஒக்ரோபர் 25ஆம் திகதி நடந்தது. நான் மேலே கூறிய மூத்த மலை மரதன்தான். ஏறக்குறைய 2,500 பேர் ஓடினார்கள். கடும்புயல் வீசியது. ஆறுகள் பெருகின. போட்டி இடையிலே நிறுத்தப்பட்டது. அன்றிரவு 1,700 பேரைக் காணவில்லை என்று செய்தி நிறுவனங்கள் உலகெங்கும் அறிவித்தன. மறுநாள் பார்த்தால், சிலர் காயமுற்றதைத் தவிர ஓர் உயிருக்கும் சேதமில்லை. சிலர் பண்ணைக் கொட்டில்களிலும், சிலர் ஹொனிஸ்ரர் கற்சுரங்கக் கட்டடத்திலும், எஞ்சியோர் தம் முதுகில் சுமந்து சென்ற சிறு கூடாரங்களிலும் இரவைக் கழித்திருந்தனர். காணாமற் போனவர்கள் என்று எண்ணப்பட்டவர்களிற் பலர் உறக்கப் பைக்குள்ளே படுத்திருந்தனர்.

இரண்டாவது, சீனாவின் கான்சு மாகாணத்தில் 2021 மே 22ஆம் திகதி நடந்தது. மஞ்சள் ஆற்றங்கரைக் கற்காட்டு மலைகளில் 100 கிலோமீற்றர் ஓட்டம். 172 பேர் ஓடினார்கள். ஒருநாட் போட்டியாதலால் உறக்கப் பை சுமக்கும் வழக்கமே இல்லை. காற்றுத் தடுக்கும் மேலங்கிகூடக் கட்டாயமாக்கப்படவில்லை. பலர் அரைக்காற்சட்டையும் மெல்லிய சட்டையுமாகவே மலையேறினர். நண்பகலளவில் ஆலங்கட்டி மழையும் பனிக்காற்றும் வீசின. 21 பேர் குளிரால் உயிரிழந்தனர். அவர்களுள் அந்நாட்டின் தலைசிறந்த ஓட்ட வீரர்களும் இருந்தனர். அம்மலையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் இடையர், புயலுக்கு ஒதுங்கியிருந்த தம் குகைக்கு ஓட்டக்காரர் ஆறு பேரைக் கொண்டுசென்று, தீ மூட்டி, போர்வை போர்த்தி உயிர் காத்தார்.

நெடுநல்வாடையின் இடையர்களை மனத்தில் வைத்திருக்கச் சொன்னது இதற்காகத்தான். மலையின் குளிரை அறிந்தவன் குகையிலே போர்வையும் விறகும் சேர்த்து வைத்திருந்தான். மலையை வெல்ல வந்தவர்களிடம் அவை இருக்கவில்லை.

இரண்டு சம்பவங்களையும் தட்டோடு தட்டு வைத்து நிறுக்க முடியாது என்பதை அறிவேன். இடம் வேறு, உயரம் வேறு, உதவி வந்து சேர்ந்த தூரம் வேறு. ஆயினும் ஓர் உண்மை தெளிவு. ஓடும்வரையில் உடம்பே அடுப்பு. கால் நின்ற கணத்திலிருந்து அந்த அடுப்பு அணையத் தொடங்கும். அப்போது கையில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. பையன் நெடுநேரம் பேசாமலிருந்தான். பின்னர், "படுத்துப் பாத்திட்டுத்தான் முடிவெடுக்கவேணும் மாமா" என்றான்.

நுவரெலியாவில் இரண்டு இரவுகள்

இளமையில் நான் ஏழாண்டுகள் கற்பித்த ஊர் நுவரெலியா. கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். தை மாசியில் அதிகாலைப் புல்லிலே உறைபனி படியும் நாட்களும் உண்டு. இங்கிலாந்தின் ஒக்ரோபர் இரவுக்கு நம் நாட்டில் அதைவிட ஏற்ற பரீட்சை மண்டபம் இல்லை. என்னோடு கற்பித்த நண்பர் ஒருவர் அங்கே ஒரு தோட்டத்தையடுத்து வசிக்கிறார். அவர் வீட்டுத் திறந்த விறாந்தையே எங்கள் மலைமுகாம் ஆயிற்று.

முதல் இரவு ஐம்பது பவுண் பையோடு படுத்தான். கீழே, பொதி சுற்றும் குமிழிப் பிளாஸ்டிக் தாள் ஒன்று. பாரம் குறைக்க மலையோடிகள் சிலர் அப்படிச் செய்வதுண்டாம். இரவு பத்து மணிக்கு வெப்பமானி 11 பாகை காட்டியது. இரண்டு மணிக்கு நான் கதவைத் திறந்து பார்த்தபோது கொண்டுவந்த சட்டையெல்லாவற்றையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வெப்பமானி 7 பாகையில் நின்றது. "மேலாலை இல்லை மாமா, கீழாலைதான் குளிருது" என்றான். காரணம் எளிது. நாம் படுக்கும் பக்கத்துத் தூவி நம் பாரத்தால் நசுங்கிவிடுகிறது. நசுங்கினால் காற்று இல்லை. காற்று இல்லையேல் காப்பும் இல்லை. சீமெந்துத் தரை உடம்பின் சூட்டை நேரே உறிஞ்சிக்கொள்கிறது. பையைப் பற்றி ஆயிரம் ஆராய்பவர்கள் பாயைப் பற்றி எண்ணாது விட்டால் பயனில்லை.

இரண்டாம் இரவு முறையை மாற்றினோம். முதுகுப்பையின் உட்புறத்திலிருந்த மடிப்பு நுரைத் தகட்டை உருவி முதுகுக்கும் இடுப்புக்கும் கீழே விரித்தான். படுக்குமுன் சுடச்சுட ரொட்டியும் பருப்பும் சாப்பிட்டான். காய்ந்த காலுறையும் குல்லாவும் அணிந்தான். வெந்நீர்ப் போத்தல் ஒன்றைக் காலடியில் வைத்துக்கொண்டான். அதே பை, அதே குளிர். நாலு மணிவரை அயர்ந்து உறங்கினான்.

நாலு மணிக்குச் சாரல் அடித்தது. விறாந்தையின் ஓரத்திலிருந்த காற்பகுதி நனைந்தது. விடிந்ததும் பார்த்தோம். பொம்மென்றிருந்த தூவி நனைந்த கோழிக்குஞ்சின் மயிர்போலத் திரண்டு, துணியோடு துணியாக ஒட்டிக் கிடந்தது.

நண்பரின் தாயார் எண்பது கடந்தவர். நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். அவர் குந்தியிருந்து அந்தக் காற்பகுதியைப் பிழிந்து பார்த்தார்.

"ரொம்ப நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா மல ஓடுற எடத்துல மழ பெய்யுமில்ல? நனைஞ்சா இது என்னாங்க ஆகும்?"

பையன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். தராசிலும் சீட்டிலும் நாங்கள் தேடாத கேள்வி அது.

"எங்க கம்பளி நனைஞ்சாலும் சூடு குடுக்கும். பாரந்தான் கழுத்த ஒடிச்சிரும்" என்று அவரே தொடர்ந்தார்.

அவர் சொன்னது விஞ்ஞானத்துக்கும் ஒத்தது. ஆட்டு மயிர் ஈரத்தை உள்வாங்கிய பின்பும் சுருள் தளராமல் ஓரளவு காற்றைப் பிடித்து வைத்திருக்கும். செயற்கை இழையும் நனைந்தால் முற்றாகச் சரிவதில்லை, விரைவில் உலரும். தூவி மட்டும் ஈரத்தில் தோற்றுவிடும். ‘மழைக்கு நல்லது’ என்று தொண்ணூறு பவுண் பையைப் பற்றிச் சொன்னதன் பொருள் இதுதான்.

அந்தக் கம்பளிக்கு இந்நாட்டில் ஒரு வரலாறு உண்டு. 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை நோக்கிக் காட்டு வழியே நடந்தனர். நோயாலும் பசியாலும் வழியிலேயே மடிந்தோர் பலர். பிழைத்து மலையேறியவர்களுக்குக் கம்பளியே பகலில் மழைக்காப்பு, இரவில் படுக்கை. அச்சொல் துரைமாரின் ஆங்கிலத்திலும் புகுந்து, 1886இல் வெளிவந்த ‘ஹொப்சன் ஜொப்சன்’ அகராதியிலும் இடம்பெற்றது. அவர்கள் விளையாட்டுக்காக மலையேறியவர்களல்லர். ஒரு மனிதனுக்கு மலையில் ஓரிரவைக் கழிக்க எது போதும் என்ற கணக்கை உயிரைப் பணயம் வைத்துக் கற்றவர்கள். அக்கணக்கின் மிச்சம் அந்தத் தாயாரின் ஒற்றைக் கேள்வியிலே இருந்தது.

முடிவு

பையன் எண்பது பவுண் பையைத் தெரிவுசெய்தான். வசதி நிலை 3 பாகை என்பது அவன் ஓடவிருக்கும் இரவுக்கு ஓரளவு பொருந்தும். மிஞ்சிய குளிரைக் காய்ந்த மாற்றுடை பார்த்துக்கொள்ளும். தூவி நனையக்கூடாதென்பதால் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு நீர்புகா உறைகள். உலர் உடையும் அவற்றுள்ளேயே. கூடாரத்துக்குள் புகுந்து, ஈர உடையைக் களைந்த பின்பே உறையை அவிழ்ப்பது என்பது அவனும் நண்பனும் செய்துகொண்ட விதி. அவ்விதியைக் கடைப்பிடிக்க முடியாதவர்களுக்கும், பல நாள் தொடர்மழையில் செல்பவர்களுக்கும் செயற்கை இழையே உகந்தது. அவர்கள் பாரத்தைப் பொறுத்தே ஆகவேண்டும்.

கூடிய முப்பது பவுணுக்கு என்ன செய்வது? அவன் சுமக்கும் பொருள்களையெல்லாம் விறாந்தையிலே பரப்பினோம். வழக்கமாக ஒரு லீற்றர் தண்ணீர் சுமந்து ஓடுவானாம். ஓடைக்கு ஓடை நீர் ஓடும் மலைகளில் அரை லீற்றர் போதாதா என்று கேட்டேன். அரை லீற்றர் தண்ணீர் 500 கிராம், அறுபது பவுணுக்கும் மேல். பையில் அவன் குறைக்கத் துடித்த பாரத்தின் இரண்டு மடங்கு போத்தலிலே வீணாகத் தளம்பிக்கொண்டிருந்தது. போர்வையிலே பாரத்தைக் குறைக்க எண்ணுமுன் மற்றவற்றில் தேடிப் பார்க்க வேண்டும்.

ஐம்பது பவுண் பை வெயிலில் காய்ந்து மீண்டும் உப்பியிருந்தது. புறப்படும்போது பையன் அதை நண்பரின் தாயாரிடம் கொடுத்தான். அவர் முதலில் மறுத்தார். பிறகு மடியில் வைத்துத் தடவிப் பார்த்து, "ஊட்டுக்குள்ள போத்திக்க இது போதும் தம்பி, உள்ளுக்குள்ள மழ பெய்யாதுல்ல" என்று சிரித்தார். உறையிலே திணித்து வைக்க வேண்டாம், தூவி நசுங்கிவிடும், கொடியிலே தளரத் தொங்கவிடுங்கள் என்று அவருக்குச் சொல்லிவிட்டு வந்தோம்.

பையன் லண்டனுக்குத் திரும்பிவிட்டான். போட்டிக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. அவன் எத்தனையாவதாக வருவான் என்று நான் கேட்கப் போவதில்லை. அந்த இரவு உறங்கினாயா என்று மட்டும் கேட்பேன்.

பேகனைப் பற்றிக் கேட்ட மாணவர்களுக்கும் என்னிடம் இப்போது ஒரு மறுமொழி உண்டு. அவர்கள் சொன்னது சரி. மயிலுக்குப் போர்வை தேவையில்லை. தனக்கு வேண்டிய தூவியை வேண்டிய அளவே அது உடம்பில் வைத்திருக்கிறது. அலகால் எண்ணெய் நீவி அதனை நனையாமலும் காத்துக்கொள்கிறது. மனிதனுக்கு இரண்டும் இல்லை. மலைக்குப் போகும் மனிதன் அவ்விரண்டையும் வீட்டிலேயே எண்ணிப் பார்த்து, தன் தோளிலே சுமந்து செல்ல வேண்டும்.